மேட்டுக்கு ஓடும் ஆறு

கிதர்ப்பூர், கல்கத்தா
27-10-1937

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் துலுக்கானம் கைகூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். கோவில்பதாகையில் நீங்களும், வேம்புலி அக்காவும், நாகவல்லியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பட்டணத்துப் பக்கம் மழை பிடித்துக்கொண்டதாக இங்கே பேசிக்கொண்டார்கள். ஏரி எந்த மட்டில் இருக்கிறது? மடைக்கு மடை ஓடி ஓடி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆற்றைப் பார்க்கப் போனேன். காகிதத்தில் ஹூக்ளி ஆறு என்று எழுதுகிறார்கள். ஜனங்களுக்கு அது கங்கைதான். நம் கூவத்தைப் போல நாற்பது ஆறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தாலும் அந்த அகலம் வராது. கரையோரமாக நிழல் மரங்கள் வைத்த சாலை. சாயங்காலமானால் வெள்ளைக்காரர்கள் மோட்டாரில் வந்து காற்று வாங்குகிறார்கள். படித்துறைகளில் இறங்கி யார் வேண்டுமானாலும் குளிக்கலாம், யாரும் நீ யார் என்று கேட்பதில்லை. ஹௌராவில் ஒரு பாலம் இருக்கிறது, அது தூணில் நிற்கவில்லை, மிதவைகளின் மேல் நிற்கிறது. கப்பல் வந்தால் நடுவில் பிரித்து வழிவிட்டு மறுபடி சேர்த்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம்விட அதிசயம் ஒன்று. யாரோ விட்ட சாமந்தி மாலை ஒன்று கடலைப் பார்த்து மிதந்து போய்க்கொண்டிருந்தது. நான் பொரி வாங்கித் தின்று, படியிலேயே கொஞ்சம் கண் அயர்ந்து எழுந்தேன். பார்த்தால் ஆறே திரும்பிவிட்டது! வந்த வழியே வடக்கே ஓடுகிறது. அதே மாலை என்னைத் தாண்டித் திரும்பிப் போனது. தினமும் இரண்டு தடவை இப்படி நடக்குமாம்.

நான் இருக்கும் வீடு இரண்டு அறை. குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, திருகினால் தண்ணீர். குடோனில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலையும் நன்றாக நடக்கிறது. தை பிறந்ததும் நாகவல்லியை அனுப்புவதாகக் கல்யாணத்தில் சொன்னீர்கள். அவளுக்கு இந்த ஆற்றைக் காட்ட வேண்டும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள மருமகன்,
துலுக்கானம்

*

கோவில்பதாகை, ஆவடி வழி
9-11-1937

சிரஞ்சீவி மாப்பிள்ளை துலுக்கானத்துக்கு, வீராசாமி ஆசீர்வதித்து எழுதச் சொன்னது.

நைனா சொல்லச் சொல்ல எழுதுவது நாகவல்லி. அவர் ‘நீ’ என்று சொல்வதையெல்லாம் நான் ‘நீங்கள்’ என்று எழுதுகிறேன். கோபமாகச் சொல்வதை மட்டும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறார், நான் என்ன செய்ய?

உங்கள் கடிதம் வந்தது. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கலில் வழிகிறது. வீட்டைப் பற்றி எழுதியதில் நைனாவுக்கு மிகவும் திருப்தி. குழாய் பற்றிய வரியை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். அதற்குப் பிறகு, ஆற்றைப் பற்றி எழுதியிருந்ததைப் பற்றி நைனா சொல்வதாவது:

“இன்னா மாப்ளே, என்னை இன்னான்னு நென்ச்சிகினு கீறே? நாப்பது வருசமா இந்த ஏரித் தண்ணியைப் பங்கு வெச்சி உட்ற கம்புகட்டி நான். எந்த வயலுக்கு எத்தினி நாழிகை தண்ணின்னு ஊரே என் வாயைப் பார்த்துகினு நிக்கிது. ஏத்தம் கட்டி எறைச்சா தண்ணி மேலே ஏறும். தானா ஏறி நான் பார்த்ததில்லை. பொரி துண்ணு முடிக்கங்காட்டியும் ஆறு திரும்பிச்சாமே! நீ பொரிதான் துண்ணியா, வேற எதுனா குட்ச்சியா?”

மாப்பிள்ளை வருத்தப்படக்கூடாது. நைனாவுக்கு உங்கள் மேல் பகையில்லை. என் அக்காள் வேம்புலியை ரங்கூன்காரருக்குக் கொடுத்த கதை உங்களுக்குத் தெரியும். அத்தான் சம்பத்து அங்கே போய் எழுதிய கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். தங்கக் கோபுரம், ஆறு, படகு, மாடி வீடு என்று எவ்வளவு அழகாக எழுதுவார்! பிறகு அங்கே அவருக்குப் பெண்டாட்டியும் இரண்டு குழந்தைகளும் இருப்பது தெரிந்தது. ஆறு வருஷமாகக் கடிதம் இல்லை. அக்காள் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“தண்ணியைப் பத்தி என்கிட்டயே பொய் சொல்றவன், என் பொண்ணுகிட்ட எதைத்தான் சொல்ல மாட்டான்? நெசத்தை எழுது, பொண்ணை அனுப்பறேன். அதுவரைக்கும் தை மாசமும் கெடையாது, மாசி மாசமும் கெடையாது.”

இப்படிக்கு,
வீராசாமி (கைநாட்டு)

*

கிதர்ப்பூர்
20-11-1937

மாமா அவர்களுக்கு துலுக்கானம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. நான் குடிக்கிறவன் இல்லை. என்னைச் சம்பத்து அத்தானோடு சேர்த்துப் பேசினீர்களே, அதுதான் பொறுக்கவில்லை.

மாமா, நான் பார்த்ததைத்தான் எழுதினேன். கடல் பக்கத்தில் இருக்கிறது. அது பொங்கும்போது ஆற்றுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது என்று படகுக்காரர்கள் சொல்கிறார்கள். ஆற்றின் நடுவே நங்கூரம் போட்ட கப்பல்கள் ஒவ்வொன்றாக மூக்கைத் திருப்பி நிற்பதை என் கண்ணால் பார்க்கிறேன். காலையில் வடக்கே பார்த்த கப்பல் சாயங்காலம் தெற்கே பார்க்கிறது. எந்தச் சாமியின் பேரில் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். ஆவடி ரயில் ஸ்டேஷனில் கல்கத்தா பார்த்தவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இதற்காக நாகவல்லியை நிறுத்திவைக்க வேண்டாம். கல்யாணமாகிப் பதினெட்டு நாள்தான் அவளோடு இருந்தேன்.

துலுக்கானம்

*

கோவில்பதாகை
1-12-1937

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

ஆவடி ஸ்டேஷனில் நைனா கேட்டார். ஒரு ரயில் கலாசி ஆமாம் என்றார், இன்னொருவர் இல்லை என்றார். இரண்டு பேரும் கல்கத்தா பார்த்ததில்லை என்பது பிறகு தெரிந்தது.

சத்தியம் வேண்டாம் என்கிறார் நைனா. சம்பத்து அத்தானும் நிறையச் சத்தியம் செய்தவர்தான். தண்ணீர் விஷயத்தைத் தண்ணீர் விஷயமாகவே தீர்த்துக்கொள்ளலாமாம். ஊரில் இரண்டு பேர் மடைத் தண்ணீருக்குச் சண்டை போட்டால் நைனா என்ன செய்வாரோ அதையே உங்களுக்கும் செய்கிறார்.

“பதினைஞ்சி நாள். தெனம் எத்தினி மணிக்கி ஆறு திரும்பிச்சின்னு எழுது. பார்க்காத நாளை எழுதாதே. திரும்பறதுக்கு முன்னாடி நிக்கிதா, நிக்காமலே திரும்புதா? மொதல்ல கரையோரம் திரும்புதா, நடு ஆறு திரும்புதா? பொய்யி ரெண்டு நாளு நேரா நிக்கும், நாலாவது நாளு தடுமாறும். எனக்குத் தெரியும்.”

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவும், சாமந்தி மாலையெல்லாம் வேண்டாமாம்.

வீராசாமி (கைநாட்டு)

நைனா எழுந்து போய்விட்டார். இது என் சொந்த வரி. தயவுசெய்து சோம்பல் படாமல் பாருங்கள். அவர் வீம்புக்குக் கேட்கவில்லை, பயத்தில் கேட்கிறார்.
நா.

*

கிதர்ப்பூர்
20-12-1937

மாமா அவர்களுக்கு,

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

டிசம்பர் 4, சனிக்கிழமை தொடங்கினேன். முந்தின நாள் அமாவாசை. கப்பல் துறை மணிக்கூண்டில் பார்த்த நேரம் இது. முதல் நாள் பதினொன்றே காலுக்கு ஆறு திரும்பியது. இரண்டாம் நாள் பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம். மூன்றாம் நாள் ஒன்றுக்குக் கொஞ்சம் முன்னால். நாலாம் நாள் ஒன்றே முக்கால். ஐந்தாம் நாள் இரண்டரை தாண்டி. ஆறாம் நாள் மூன்றரை. ஏழாம் நாள் பார்க்க முடியவில்லை, அதனால் எழுதவில்லை. எட்டாம் நாள் ஐந்தை ஒட்டி. அதற்குப் பிறகு சாயங்காலத் திருப்பம் இருட்டில் போய்விட்டது. தினம் இரண்டு திருப்பம் என்பதால் ஒன்பதாம் நாளிலிருந்து காலைத் திருப்பத்தைக் குறித்தேன். அன்று விடிகிற நேரம், ஐந்தரை. பத்தாம் நாள் ஆறே கால். பதினோராம் நாள் ஏழு. பன்னிரண்டாம் நாளும் பார்க்கவில்லை. பிறகு எட்டே முக்கால், ஒன்பதரை, பதினைந்தாம் நாள் பத்தரை. சுற்றிச் சுற்றி முதல் நாள் நேரத்துக்கே கிட்ட வந்துவிட்டது. அன்று பௌர்ணமி.

திரும்புவதற்கு முன் ஆறு நிற்கிறது. ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம் இருக்கும். அப்போது படகுக்காரர்கள்கூடச் சத்தம் போடுவதில்லை. முதலில் திரும்புவது கரையோரம்தான். கரையோரத்துத் துரும்பு வடக்கே போகும், நடு ஆற்றுத் துரும்பு தெற்கே போகும், இரண்டும் ஒரே சமயத்தில். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நடு ஆறு மனம் மாறும்.

இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

துலுக்கானம்

*

கோவில்பதாகை
30-12-1937

அன்புள்ள மாப்பிள்ளைக்கு வீராசாமியின் ஆசீர்வாதம்.

இந்தக் கடிதத்தை நைனா மூன்று நாளாகச் சொல்லி, அடித்து, மறுபடி சொல்லி எழுத வைத்தார்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கரையோரம் முதலில் திரும்புகிறது என்ற இடத்தில் “ம்” என்றார். கரையோரத் தண்ணீருக்கு வேகம் கம்மி, தள்ளினால் அதுதான் முதலில் மசியும், வாய்க்காலிலும் அப்படித்தானாம். பார்க்காத இரண்டு நாளை எழுதாமல் விட்டதற்கும் “ம்”. பிறகு, “ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் எத்தினி வித்தியாசம்?” என்று கேட்டார். ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் என்றேன். அது எத்தனை நாழிகை என்றார். இரண்டு நாழிகையும் துளியும் என்றேன். கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏய், நாகவல்லி! நெலா தெனம் ரெண்டு நாழிகை பின்னாலே வருது. அதை வெச்சித்தானே நான் மடைக்கி முறை கட்றேன். அமாவாசையில ஆரம்பிச்சி பௌர்ணமியில சுத்திகினு வந்துட்ச்சி பாரு. அது நெலா பின்னாலே இஸ்துகினு போற தண்ணிடீ. இதை ஒருத்தன் உக்காந்து கற்பனை பண்ண முடியாது. மாப்ளே நெசத்தைத்தான் சொல்லிகீறான்.”

நைனா உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். ‘தப்பு என் பேரில்’ என்று எழுதினேன். போதாது, ‘நான் பார்க்காத தண்ணியும் ஒலகத்துல கீது, எனக்கு அது தெரியல’ என்று எழுது என்றார். எழுதிவிட்டேன். அன்று முதல் ஊரில் பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்தி உங்கள் ஆற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒருவரும் நம்பவில்லை. அவர்களோடு சண்டை போடுகிறார்.

தை கழிவதற்குள் என்னை அனுப்ப நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்காள் முறுக்குக்கு அரிசி ஊறவைக்கப் போகிறாளாம், இப்போதே பேச்சு. வீட்டுக் குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீரா, உப்பா என்று நைனா கேட்கிறார்.

வீராசாமி (கைநாட்டு)

இனி எழுதுவது நைனாவுக்குத் தெரியாது. உங்கள் பதினைந்து நாள் கணக்கை நான் பல தரம் படித்தேன். சனிக்கிழமை பதினொன்றே காலுக்கு ஆற்றங்கரையில் இருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை ஒன்றே முக்காலுக்கு இருக்கிறீர்கள். திங்கட்கிழமை காலை ஆறே காலுக்கும் இருக்கிறீர்கள். குடோனில் உட்கார்ந்து எழுதும் ரைட்டருக்கு ஆற்றங்கரையில் என்ன வேலை? நைனாவுக்குத் தண்ணீர்க் கணக்குத் தெரியும். எனக்கு மனுஷர் கணக்குக் கொஞ்சம் தெரியும்.
நா.

*

கிதர்ப்பூர்
8-1-1938

நாகவல்லி,

உன் பேருக்கு நான் எழுதும் முதல் கடிதம் இப்படி ஆகிவிட்டது. இதை மாமாவுக்குப் படித்துக் காட்டாதே.

நான் ரைட்டர் இல்லை. ஒரு நாளும் ரைட்டராக இருந்ததில்லை. சரக்குப் படகுகளிலிருந்து கரைக்கு மூட்டை சுமக்கிறேன். ஆறு மேலே ஏறும்போதுதான் அந்தப் படகுகளும் அதோடு ஏறி வரும். ஆகவே ஆறு எப்போது திரும்பும் என்பது எங்களுக்குச் சோற்று நேரம் மாதிரி, மேஸ்திரி கூப்பிடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். பார்க்கவில்லை என்று எழுதிய இரண்டு நாளும் முதுகு பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

இரண்டு அறை வீடும் இல்லை. ஒரே அறையில் ஒன்பது பேர், மற்ற எட்டுப் பேரும் தெலுங்குக்காரர்கள். நல்லவர்கள். குழாய் தெருமுனையில் இருக்கிறது, முறை வருவதற்குள் வேலைக்கு நேரமாகிவிடும். அதனால் ஆற்றில்தான் குளிக்கிறேன். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாமா என்னைக் கேட்டது ஒரே கேள்விதான், “ஊட்டுல தண்ணி கீதா?” நீ கதவுக்குப் பின்னால் நின்றாய், உன் பாதம் மட்டும் தெரிந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீது மாமா என்றேன். பிறகு அந்தக் குழாய்க்கு வீடு கட்ட வேண்டியிருந்தது, வீட்டுக்கு ஏற்ற வேலை தேட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றைப் பார்க்கப் போனது மட்டும் சத்தியமான நிஜம். சனிக்கிழமை சட்டையைத் துவைத்துக் காயவைத்து, ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு போவேன். வாரம் முழுக்கத் தலையில் மூட்டையோடு பார்க்கிற ஆற்றை அன்றைக்கு ஒரு நாள்தான் வெறுந்தலையோடு பார்ப்பேன். அவ்வளவு அழகாக இருக்கும். உனக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்ததும் நிஜம்.

நான் எழுதிய நிஜத்தை நீங்கள் யாரும் நம்பவில்லை. பொய்யை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார் மாமா. இப்போது அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார், அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவரிடம் ஏதாவது காரணம் சொல்லிப் பயணத்தைத் தள்ளிப்போடு. நான் எப்படியாவது ஒரு வழி பண்ணுகிறேன். பண்ண முடியாவிட்டால் என்னை மறந்துவிட வேண்டும் என்று எழுதக் கையைத் தூக்கினேன், எழுத முடியவில்லை.

துலுக்கானம்

*

கோவில்பதாகை
22-1-1938

இன்னாங்க,

உங்களை எப்படி அழைத்து எழுதுவதென்று அரை நாள் யோசித்தேன். ஊரில் புருஷனை இப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அதனால் இதையே எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தை யாரும் சொல்லி நான் எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘மாமாவுக்குப் படித்துக் காட்டாதே’ என்ற வரியையும் சேர்த்துப் படித்தேன். கோபப்படாதீர்கள். நைனாவுக்குக் கண்ணும் கையும் நான்தான். ஒரு வரியை நான் மறைக்க ஆரம்பித்தால், அதற்குப் பிறகு நான் படிக்கும் எந்த வரியை அவர் நம்புவார்? அக்காளுக்குச் சம்பத்து அத்தானின் கடிதங்களைப் படித்தபோது எனக்குப் பத்து, பன்னிரண்டு வயது. சில இடங்களில் அவர் வார்த்தை வறண்டுபோயிருக்கும். அக்காள் முகம் வாடக்கூடாதென்று நானே இரண்டு வார்த்தை சேர்த்துப் படிப்பேன். அந்தப் பாவத்தை இன்றுவரை சுமக்கிறேன். மறுபடியும் செய்ய மாட்டேன்.

படித்து முடித்ததும் நைனா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டார். சாப்பிட வரவில்லை. எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். அக்காள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க அத்தான் ஒரே ஒரு வாட்டி, ஒரே ஒரு கடுதாசியில இந்த மாதிரி எழுதி இருந்தாருன்னா, நான் ரங்கூனுக்கு நடந்தே போயிருப்பேன்டீ” என்றாள். ஆறு வருஷத்தில் அவர் பேச்சை அவள் எடுத்தது அன்றைக்குத்தான். எடுத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். எதற்கென்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

பொழுது சாய நைனா வந்தார். உட்காராமலே சொன்னார். “அவன் ஆத்தைப் பத்தி சொன்னான், பொய்யின்னேன். ஊட்டைப் பத்தி சொன்னான், நெசம்னேன். ரெண்டுலயும் தப்பு எனக்கு. வேம்புலியை நான்தான் பார்த்து அனுப்பிச்சேன். அதுவும் தப்பு. இனிமே நான் யாரையும் அனுப்ப மாட்டேன், நிறுத்தவும் மாட்டேன். நாகவல்லி, நீ சொல்லு. போறியா, இருக்கியா?”

எனக்குப் பத்தொன்பது வயது. என்னைப் பற்றிய பேச்சில் என்னை ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. நீங்களும் கேட்டதில்லை. நீங்கள் இரண்டு பேரும் மூன்று மாதமாக ஆற்றைப் பற்றி எழுதிக்கொண்டீர்கள், எழுதியது என் கை, படித்தது என் வாய். எனக்கு வர இஷ்டமா என்று ஒரு கடிதத்திலும் ஒரு வரி இல்லை. உடனே பதில் சொல்ல மனமில்லாமல் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். வேண்டுமென்றேதான் எடுத்துக்கொண்டேன்.

நான் வருகிறேன்.

ஏன் என்று நீங்களாகத் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மன்னித்துவிட்டதால் வரவில்லை, அது இன்னும் ஆகவில்லை. முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தீர்கள், அதைக்கூட எங்களிடம் சொல்ல முடியாமல் ‘பார்க்க முடியவில்லை’ என்று எழுதினீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு கேட்கவில்லை. நான் நாற்று நட்டு வளர்ந்தவள். தெருமுனையிலிருந்து குடம் எடுத்து வரத் தெரியும். எட்டுப் பேரை விட்டுத் தனியாக ஒரு அறை மட்டும் பாருங்கள். சின்னதாயிருந்தாலும் போதும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள், ஒரு மாதம் தள்ளிக்கொள்ளலாம். பார்த்துவிட்டேன் என்று சும்மா எழுதினீர்களோ, அங்கே வந்த ரயிலிலேயே திரும்பிவிடுவேன்.

நைனாவிடம் சொன்னேன். “செரி” என்றார். பிறகு, “தனியா எப்படி போவே? நான் வந்து உட்டுட்டு வரேன்” என்றார். மடையை ஒரு வாரம் பார்த்துக்கொள்ளப் பக்கத்து ஊரில் ஆள் சொல்லிவிட்டார். நாற்பது வருஷத்தில் அவர் ஏரியை விட்டு ஒரு நாள்கூட இருந்ததில்லை. எதைப் பார்க்க வருகிறார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். எனக்காகத்தான் வருவதாக அவர் சொன்னால் நீங்களும் தலையாட்டிவிடுங்கள்.

உங்களோடு போட வேண்டிய சண்டை நிறைய இருக்கிறது. கடிதத்தில் போட்டால் நைனாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அதனால் நேரில் வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 17, வியாழக்கிழமை காலை மெயிலில் ஹௌரா வந்து இறங்குகிறோம். ஸ்டேஷனுக்கு இரவல் சட்டை எதுவும் வாங்கிப் போட்டுக்கொண்டு வராதீர்கள். கல்யாணத்தன்று கோட்டுப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை நான் பார்த்திருக்கிறேன். மூட்டை தூக்குகிறவரை இன்னும் பார்க்கவில்லை. வேலைத் துணியிலேயே வந்து நில்லுங்கள், நானே வந்து கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

உங்கள்
நாகவல்லி